கை தவறாதவர்

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த பதினொரு வருஷத்தில், அவர் ஒரு தோசையையாவது நேராக வாயில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. மத்தியானம் தூக்குப் பாத்திரத்தைத் திறப்பார். தோசையை இரண்டு விரலால் எடுத்து வடக்கு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். தோசையில் எத்தனை ஓட்டை என்பதை எதிரே உட்கார்ந்து நான் எண்ணி முடித்துவிடுவேன். அவருக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை. ஓட்டை தானாக விழுந்ததா, கரண்டி போட்டதா என்பதுதான் அவருடைய விசாரணை. விசாரணை முடிந்து, தீர்ப்புச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதற்குள் நான் சாப்பிட்டுக் கை கழுவி, மறுபடி பேனாவைத் தொட்டிருப்பேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆனாலும் அந்தக் கிடங்குக்குப் படிகள் பதினான்கு என்பதும், ஆறாவது படி உடைந்தது என்பதும், அதை யாரும் சரிசெய்யவில்லை என்பதும் நினைவிருக்கிறது. அவர் பெயரின்மேல் ஒரு பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். அந்தப் பெயரை அச்சிலும் ஏற்றி இன்னொரு உபகாரம் செய்ய வேண்டாம் என்று பார்க்கிறேன். கிடங்கில் எல்லாரும் அவரைப் 'பாய்' என்றார்கள். அங்கே பாய்மார்கள் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். ஆனால் 'பாயைக் கேளு' என்றால் அது அவர் ஒருவரைத்தான்.

அவருக்கு வேலை, தோலைத் தரம் பிரிப்பது. சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறி, காய்ந்து வரும் ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஐந்து அடுக்காகப் போடவேண்டும். முதல் அடுக்கு சீமைக்குப் போய் துரைசானிகளின் கையுறையாகும். மூன்றாவது அடுக்கு செருப்புக்கு ஆகும். ஐந்தாவது எதற்கும் ஆகாது. தோலில் குறைகள் பலவிதம்: உண்ணி கடித்தது, முள் கீறியது, சுண்ணாம்பு ஜாஸ்தி தின்றது. இவற்றையெல்லாம் அவர் ஒரு பெருமூச்சோடு மன்னித்துவிடுவார். மன்னிக்காத குறை ஒன்றே ஒன்று. சதை சீவும்போது கத்தி தவறிப் பட்ட தோல்.

"உண்ணி கடிச்சா அது ஆட்டோட தலையெழுத்து, ரைட்டரே. கத்தி பட்டா மனுஷனோட கொழுப்பு" என்பார்.

அவர் பக்கத்திலேயே தரம் பிரித்த மற்ற இரண்டு பேரும் நாளைக்கு நானூறு தோல் பார்ப்பார்கள். இவர் நூற்றறுபது. அவருடைய நூற்றறுபது வந்து சேராமல் என் புத்தகத்தில் கூட்டல் போடமுடியாது. ஆகவே தினமும் சாயங்காலம் கிடங்கில் கடைசியாக இருப்பவர்கள் இருவர்: தோலைத் தூக்கிப் பிடித்தபடி அவர், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நான். அந்தப் பதினொரு வருஷத்தில் நான் அவரை நேசித்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சந்தோஷம் வரும்.

தரம் பிரிக்க வருவதற்கு முன்பு அவர் இருபது வருஷம் சதை சீவியவர். மரக்கட்டையின்மேல் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் மேலிருந்து கீழே இழுக்கவேண்டும். ஒரு மயிரிழை அழுத்தம் கூடினால் தோல் கிழிந்துவிடும். அந்த இருபது வருஷத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "என் கையில ஒரு தோலு கிழிஞ்சதில்ல." தோசை பார்க்கும்போது சொல்வார். டீ குடிக்கும்போது சொல்வார். புதிதாக வேலைக்கு வந்தவன் சலாம் வைத்தால் பதில் சலாமுக்குப் பதிலாகவும் சொல்வார். ஒரு மாசம் நான் ஒற்றுக்காகிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை நான்கு போக, முப்பத்தொரு தடவை.

அந்தப் பெருமையை மட்டும் அவரிடமிருந்து யாராலும் வாங்க முடிந்ததில்லை. ஒரு சமயம் சென்னப்பட்டணத்திலிருந்து வந்த ஏஜெண்டு, மூன்றாவது அடுக்கில் கிடந்த முந்நூறு தோலை இரண்டாவதில் சேர்த்துவிடும்படி முதலாளியிடம் குழைந்தார். முதலாளி இவரைக் கூப்பிட்டு, "பாய், கொஞ்சம் கண்ண மூடிக்கோயேன்" என்றார். இவர் ஒரு தோலை எடுத்து முதலாளி முகத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பிடித்தார். வெளிச்சம் ஒரு கீறல் வழியாக முதலாளியின் மூக்கில் விழுந்தது.

"தோலு என் கையில கீது, சாயபு. வாயி உங்க கையில கீது. வாயால வேணும்னா ஒசத்திக்கோங்க" என்றார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த மனிதர் தன் கை தவறியது என்று தன் வாயால் சொன்னார். ஒரு கோழிக்காகச் சொன்னார். கோழி என்னுடையது. கணக்காகச் சொன்னால் என் மனைவியுடையது.

எங்கள் முதல் குழந்தை பதினாறு நாள் இருந்தது. அதை நான் எண்ணவில்லை என்று சொல்லத்தான் ஆசை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. அரக்கோணத்திலிருந்து அவள் தாயார் ஒரு செம்பட்டைக் கோழிக்குஞ்சைக் கூடையில் கொண்டுவந்து விட்டுப் போனார். பேச்சு மறுபடி தொடங்கியது, கோழியோடு. சமையல் வாசற்படியில் அது நிற்கும், இவள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் விலைவாசி, அக்கம்பக்கம், என் குணம் எல்லாவற்றையும் சொல்வாள். என் குணத்தைக் கேட்கும்போது அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும். மறுபடி அவள் உண்டாகி ஏழாம் மாதம் பிரசவத்துக்குப் புறப்பட்டபோது, ரயில் பெட்டி ஜன்னலில் சாய்ந்து சொன்ன வார்த்தை என்னைப் பற்றியதல்ல.

"கோழியப் பாத்துக்கோங்க. நான் புள்ளையோட வந்து எறங்கறப்போ அது வாசல்ல நிக்கணும். அது இருந்தா இதுவும் இருக்கும்" என்று வயிற்றில் கை வைத்தாள். "அது இல்லன்னா நான் அந்த வாசப்படி ஏற மாட்டேன். ஆமா."

நான் வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்படிப்பட்ட பேச்சுக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ரயில் போனபிறகு அதைப் பிளாட்பாரத்தில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வேகமாக வீட்டுக்கு வந்து கோழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒன்று.

ஒன்று என்பது எண்ணுவதற்கு மிக எளிதான எண். அது இல்லாமல் போவதும் அவ்வளவே எளிது. தெருவில் நாய்கள் ஆறு, பருந்து ஒன்று, எதிர்ச்சாரியில் கோழிக்குழம்பு வைக்கத் தெரிந்த வீடுகள் பதினெட்டு. யோசித்துப் பார்த்து, கோழியைக் கொல்லையில் ஒரு பெரிய கூடைக்குள் போட்டேன். கால் உறுத்தாமல் அடியில் சாக்கு விரித்தேன். மூன்று வேளையும் தகரக் கிண்ணத்தில் குழைந்த சோறு வைத்தேன். காலையில் எண்ணுவேன், ஒன்று. சாயங்காலம் எண்ணுவேன், ஒன்று. இந்த நிர்வாகத்தை நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடத்தினேன்.

கோழி மண்ணைக் கிளறி, கல்லில் கொத்தி, அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டால்தான் அலகு தேயும் என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அது பாடமாக வரவில்லை. நான்காவது மாதத்தில் கோழி மெல்ல மெல்லக் கிளியாக மாறிக்கொண்டிருந்தது. மேல் அலகு வளர்ந்து, கீழ் அலகைத் தாண்டி, கொக்கிபோல வளைந்து தொங்கியது. சோற்றைக் கொத்தப் போனால் நுனி கிண்ணத்தில் 'டொக்' என்று இடிக்கும், பருக்கை வாய்க்குள் போகாது. நாற்பது கொத்துக்கு மூன்று பருக்கை. நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டது. அந்தச் சமயத்தில் அரக்கோணத்திலிருந்து கடிதம் வந்தது. பெண் குழந்தைக்கு இரண்டு மாதம் முடியப்போகிறது, சுகம். இன்ன புதன்கிழமை மத்தியான வண்டியில் வருகிறோம். கோழி சுகமா? நாட்களை எண்ணினேன். இருபத்தேழு.

கிடங்கில் மேஸ்திரியிடம் யோசனை கேட்டேன். அவர் நல்ல மனிதர், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளமாட்டார்.

"கொஞ்சம் கீழ தள்ளி வெட்டுங்க ரைட்டரே, கழுத்தாண்ட. மூக்கு பேஜார் அன்னியோட ஒழிஞ்சிடும். மொளகு மட்டும் கம்மி பண்ணாதீங்க."

பாயிடம் கேட்கவில்லை. ஒரு தோலுக்கே அவ்வளவு நேரம் எடுப்பவர், கோழிக்கு எத்தனை வாரம் எடுப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. ஆகவே படித்தவன் செய்யவேண்டிய முறையில் நானே இறங்கினேன். எங்கள் தெருவில் ஒன்பது கோழிகளைப் பிடித்து, நூலும் அடிக்கோலும் வைத்து அலகை அளந்தேன். ஒன்பதாவது கோழி ஒரு விதவை வீட்டுக் கோழி. அந்த அம்மாள் என்னைத் திருடன் என்று நினைத்துக் கத்தினாள். அளவுகளைக் கூட்டி ஒன்பதால் வகுத்தேன். எங்கள் கோழிக்கு ஜாஸ்தியாக இருப்பது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, விடுமுறை, கோழியை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, அலகில் மையால் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். அழகான கோடு. என் மனைவியின் தையல் கத்தரியை எடுத்து, கோட்டின்மேலேயே, ஒரே வெட்டு.

கணக்கில் பிழை இல்லை என்பதை இன்றும் சொல்வேன். வெளியே அலகு நீளும்போது உள்ளே இரத்தமுள்ள சதையும் கூடவே நீண்டிருக்கிறது. அது ஒன்பது கோழிகளின் சராசரியில் அகப்படவில்லை. கோழி போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இருந்தது. அலகு நுனி போனதோடு நிற்காமல் இடது பக்கம் மேல்நோக்கிப் பிளந்துகொண்டது. என் வேட்டியில் இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இருபத்துமூன்று வரை எண்ணினேன். அதற்குமேல் அது சொட்டாக இல்லை.

பாய் வீடு எங்கள் கொல்லைக்கு நேர் எதிர்ச் சந்து. தொழுகைக்குப் புறப்பட வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு அப்படியே வந்தார். கோழியை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெள்ளை உடுப்பு போயிற்று.

"யாரு வெட்டினது?"

"நான்தான் பாய்."

"இன்னாத்த வெச்சு?"

"கத்தரி."

"அத்தக் கேக்கல. இன்னா கணக்கு வெச்சு?"

"ஒன்பது கோழி அளந்து சராசரி எடுத்து..."

அவர் கோழியின் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"அந்த ஒம்பதும் இந்தக் கோழி இல்லியே, ரைட்டரே" என்றார். பிறகு, "வூட்ல கடுக்கா கீதா?"

இல்லை.

"கடுக்கா மலை மேல உக்காந்து எழுதுறீங்க, வூட்ல ஒரு கடுக்கா இல்ல!" என்று சொல்லிவிட்டு, சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து இடித்த கடுக்காய்ப் பொடி ஒரு காகிதத்தில் வந்தது. தோலை இறுக்குகிற பொருள் இரத்தத்தையும் இறுக்கும்போலிருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து வெட்டுப்பட்ட இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். மூக்குத் துவாரத்தில் பொடி ஏறாதபடி இன்னொரு விரலால் மறைத்துக்கொண்டார். எனக்கு வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் விரலை எடுத்தார். இரத்தம் நின்றிருந்தது.

"அவ வர்றதுக்கு இருபத்தாறு நாள்தான் பாய். அதுக்குள்ள இது சாப்பிடணும். இது போய்ட்டா அவ படி ஏற மாட்டேன்னுட்டா" என்றேன். விஷயம் முழுவதையும் சொன்னேன். குழந்தை, வயிற்றில் வைத்த கை, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் பாக்கறேன். எத்தினி நாள் ஆவும்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்கவேண்டாம் என்று என்னிடம் சொல்வது, எறும்பிடம் சர்க்கரையைப் பார்க்காதே என்று சொல்வதுபோல.

முதல் ஆறு நாள் அவர் அலகைத் தொடவே இல்லை. கேழ்வரகுக் கூழை ஆழமான ஒரு கொட்டாங்கச்சி நிறைய வைக்கச் சொன்னார். தட்டையான கிண்ணத்தில் கொத்தமுடியாத கோழி, ஆழத்தில் முகத்தை விட்டுக் கீழ் அலகால் வாரிக்கொண்டது. ஏழாவது நாள் காலை, கிடங்கு திறப்பதற்கு முன்பு, தட்டான் ஒருவரிடம் வாங்கிய சின்ன அரத்தோடு வந்தார். கோழியைத் துண்டில் சுற்றி, அதன் கண்ணையும் துணியால் மறைத்து, என் மடியில் வைத்தார். சுவருக்கு மேலாக வெயில் வந்துகொண்டிருந்தது. கோழியின் தலையை இரண்டு விரலால் பிடித்து, அலகை வெயிலுக்கு நேராகத் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தோசையின் தினுசேதான்.

"பாருங்க. உள்ள செவப்பா ஓடுது பாருங்க, அது உசுரு. அதத் தாண்டி நகக்கண்ணு மாரி கண்ணாடியா தெரியுதே, அதுல மட்டும்தான் நமக்குப் பாத்தியதை."

அந்தப் பாத்தியதை ஒரு கடுகளவு இருந்தது. அலகில் எண்ணெய் தடவி, அரத்தை ஐந்து தடவை இழுத்தார். வெயிலில் பார்த்தார். இன்னும் மூன்று. பார்த்தார். அரத்தை மடியில் வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். கொஞ்சம் தேச்சா, உள்ள இருக்கிற செவப்பு பயந்துகினு பின்னால போவும். நாளக்கழிச்சு வந்து பாப்போம் எவ்ளோ போயிருக்குன்னு."

"ரெண்டு நாளைக்கு எட்டு இழுப்புன்னா பாய், மிச்சம் இருபது நாள்ல..."

"கோழிக்குத் தேதி தெரியாது, ரைட்டரே."

இன்னொன்றும் செய்தார். சதை சீவுகிற இடத்தில் கத்தி தீட்டித் தீட்டி உடைந்துபோன சாணைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் போட்டு, அதன்மேல் நொய்யை இறைத்தார். கோழியைக் கூடையிலிருந்து வெளியே எடுத்து விட்டார்.

"வெளிய விட்டா காணாமப் போய்டும் பாய்."

"உள்ள வெச்சீங்களே, இருந்துச்சா?"

கோழி சாணைக்கல்லில் கொத்திற்று. 'சர்' என்று ஒரு சத்தம். பிறகு அலகை இப்படியும் அப்படியும் கல்லில் தீட்டிற்று. அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நூற்றறுபது தோலில் ஒரு தோலுக்கு வரும் திருப்தி.

இப்படிப் பத்துக் காலைகள். என் எண்ணிக்கைப்படி அரம் எண்பத்தொரு தடவை இழுக்கப்பட்டது. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. கோழி நாற்பது கொத்துக்கு முப்பத்தைந்து பருக்கை என்ற நிலைக்கு வந்துவிட்டது. நெஞ்செலும்பு உள்ளே போயிற்று. இடது பக்கம் என் கத்தரி பிளந்த பிளவு மட்டும் நின்றது. "அது வளந்து கீழ எறங்கி வந்தாதான் தேச்சு எடுக்கலாம். அது வரிக்கும் இருக்கும்" என்றார் அவர். நான் பத்துக் காலையிலும் அவசரப்படுத்தினேன். அவர் பத்துக் காலையிலும் அவசரப்படவில்லை. என்றைக்கு அரத்தைக் கீழே வைத்தாலும் அந்த வாக்கியம் வந்துவிடும். "என் கையில ஒரு தோலு கிழிஞ்சதில்ல." பிளந்த அலகைப் பார்த்துக்கொண்டே சொல்வார். யாரைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பதினொன்றாவது காலை புதன்கிழமை. வண்டி மத்தியானம் என்பதால் காலையில் ஒரு கடைசித் தேய்ப்பு என்று உட்கார்ந்தோம். அவர்கள் காலை வண்டியிலேயே வந்துவிட்டார்கள். கடிதத்தில் எழுதிய வண்டியை மாற்றுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அபாயம் என்பதை, அவர்களைக் கூட்டிவந்த என் மைத்துனன் அறியமாட்டான்.

வாசலில் ஜட்கா நின்ற சத்தம் கேட்டது. வாசலில் நிற்கவேண்டிய கோழி கொல்லையில் என் மடியில், தலை முதல் கால் வரை துண்டு சுற்றி, அசையாமல் கிடந்தது. வீட்டுக்குள் ஏறாமல் பக்கத்துச் சந்து வழியாகக் குழந்தையோடு நேரே கொல்லைக்கு வந்தவள், அந்த மூட்டையைப் பார்த்தாள். குனிந்திருந்த இரண்டு ஆண்களைப் பார்த்தாள்.

"போய்ட்டாளா?" என்றாள்.

கோழி துண்டிலிருந்து தலையை நீட்டி, கொக் என்றது.

அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் கோழியை வாரிக்கொண்டாள். என் மகளை நான் முதன்முதலில் கையில் வாங்கியது அப்படி, பண்டமாற்றாக. இவ்வளவு சின்ன உருவத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விறைத்து நின்றேன். அதற்குள் அவள் கண் அலகில் விழுந்துவிட்டது.

"இன்னா இது? யாரு இவ மூக்கக் கிழிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணியது நினைவிருக்கிறது. ஏழு வரை போனேன். ஏழில் அவர் பேசினார்.

"நான்தான், தங்கச்சி. மூக்கு வளந்து துன்ன முடியாம இருந்துச்சு, வெட்டினேன். கை தவறிடுச்சு."

அவர் சொன்னது தெளிவாக இருந்தது. முப்பத்தொரு தடவை சொன்ன வாக்கியத்தைச் சொல்லும் அதே குரல். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கையில் குழந்தை இருந்தது. இருந்தால் என்ன, வாயில் ஒன்றும் இல்லை.

"தோலு உரிக்கிற கைய ஒரு வாயில்லாத ஜீவன்கிட்ட காட்டலாமா பாய்?" என்று தொடங்கினாள். அவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டு, அரத்தைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கிடங்குக்குப் போனார். அவள் கோழியோடு வாசல் பக்கம் போய், முதலில் அதைப் படியில் நிற்கவிட்டு, பிறகு தானும் ஏறினாள்.

என் மனைவிக்கு ஒரு செய்தி தெரிந்தால் தெருவுக்குத் தெரிய ஒரு சாயங்காலம் போதும். கிடங்குக்குத் தெரிய ஒரு ராத்திரி. மறுநாள் காலை மேஸ்திரி படியிலேயே காத்திருந்தார்.

"இன்னா பாய், இருவது வருசத்துல கிழியாதது ஒரு கோழிகிட்ட கிழிஞ்சிடுச்சாமே!"

சதை சீவுகிறவர்கள் அவ்வளவு பேரும் சிரித்தார்கள். கத்தி பட்டதென்று அவர்களில் ஒருவர் தோலையாவது பாய் தள்ளாமல் விட்டதில்லை, சிரிப்பில் பழைய பாக்கி எல்லாம் தீர்ந்தது. அந்த வாரத்திலேயே கத்தி பட்ட தோலுக்குக் 'கோழி' என்று பெயர் வந்துவிட்டது. "பாய், இந்தக் கட்டுல நாலு கோழி" என்பார்கள். அவர் தோலை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, கீறலைப் பார்த்து, அதன் அடுக்கில் போடுவார். நான் எதிரே உட்கார்ந்து, கோழி நான்கு என்று எழுதுவேன்.

அடுத்த மாசமும் ஒற்றுக்காகிதத்தின் பின்பக்கத்தில் குறித்துப் பார்த்தேன். "என் கையில ஒரு தோலு கிழிஞ்சதில்ல" என்று அவர் எத்தனை தடவை சொல்கிறார் என்று. கோடு ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த மாசமும் விழவில்லை. அதற்குப் பிறகு நான் குறிப்பதை நிறுத்திவிட்டேன். எண்ணுவதை நானாகப் பாதியில் நிறுத்தியது ஆயுளில் அது ஒன்றுதான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் வாரம் சொல்லியிருக்கலாம். அப்போது குழந்தைக்குச் சளி. முதல் மாதம் சொல்லியிருக்கலாம். அப்போது வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது, கெடுப்பானேன் என்று இருந்தேன். முதல் வருஷத்துக்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடப் பெரிதாகிவிட்டது. காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை. எல்லாவற்றையும் கூட்டினால் கோழைத்தனம் என்று வருகிறது. கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தாகிவிட்டது.

அவரோ பிளவு கீழே இறங்கி வரும்வரை மாசத்துக்கு இரண்டு தடவை வந்து, என் மனைவி பக்கத்தில் நின்று "பாத்து பாய், பாத்து" என்று அதட்ட அதட்ட, அரத்தை ஐந்து இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். அலகு முழுசாகிவிட்டது. கோழி அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்து, என் மகளுக்கு நடை பழக்கி, வயதாகிச் செத்தது. கதை சாகவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள், உறவினர், தயிர்க்காரி எல்லாருக்கும் என் மனைவி அதைச் சொன்னாள். என் காது கேட்க ஐம்பத்தெட்டு தடவை.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஆறாவது வருஷம் அவர் வேலையை விட்டு நின்றார். கடைசி நாளும் நூற்றறுபது தோல்தான். எல்லாரும் போனபிறகு வழக்கம்போல அவரும் நானும். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"பாய், அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தோலை மடித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க கையில பச்சப்புள்ள இருந்துச்சு. நீங்க புடிச்ச லட்சணத்தப் பாத்தேன். கூட ஒரு பழியும் சேந்தா ரெண்டுல ஒண்ணு கீழ விழும்னு தோணிச்சு. கோழிக்கு மூக்கு வளந்துக்கும். புள்ள வளர்றதுக்கு மின்னாடி விழக்கூடாதே."

"உங்க பேரு..."

"வூட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

அவர் என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். விரல்களை விரித்து, வடக்கு ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். தோலுக்கு எடுக்கிற நேரம் எடுத்துக்கொண்டார்.

"கத்தி படல. சுண்ணாம்பு கொஞ்சம் ஜாஸ்தி துன்னுருக்கு" என்றார். "மூணாவது. செருப்புக்கு ஆவும். சொல்லிருந்தா ரெண்டுல போட்டிருப்பேன்."

கையை விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். ஆறாவது படியை, பார்க்காமலே, தாண்டினார்.

ஐந்தில் மூன்று. நான் எனக்குப் போட்டிருந்த கணக்குக்கு அது ஓர் அடுக்கு மேலே. அந்தத் தைரியத்தில் நேரே வீட்டுக்கு வந்து, சோற்றுக்கு உட்கார்ந்ததும் என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது கோழிகள், சராசரி, மைக்கோடு, அவளுடைய கத்தரி, ஒன்றையும் விடவில்லை. அவள் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"பாய் வேலைய விட்டுப் போறாருன்னு அவரு பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க" என்றாள். "ஒம்பது கோழிய அளந்தீங்களாம்! யாராவது அப்படிச் செய்வாங்களா? பொய் சொல்லவும் தெரியல உங்களுக்கு. இத்தினி வருசம் குடித்தனம் பண்ணி, இப்படி ஒரு மனசு உங்களுக்கு கீதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

வழக்கமாக என் சோற்றில் ஒரு கரண்டி நெய்தான் விழும். அன்று இரண்டு விழுந்தது. எண்ணினேன். இரண்டையும் சாப்பிட்டேன்.